மாற்று ஊசி

கூகைப்பாறையில் ஒரு ஜோடி வெள்ளைக் கழுகு கூடு கட்டியிருக்கிறது என்ற செய்தியை டாக்டர் சத்தியப்பிரியாவிடம் கொண்டுவந்தவன் செல்வம். கோட்டையூர்க்காரன். கல்யாண வீடுகளில் படம் எடுப்பது அவன் தொழில். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்மாய் கண்மாயாகப் பறவை தேடி அலைவான். அப்படி ஒருநாள் மத்தியான வெயிலில் கருங்குளப்பட்டி கால்நடை மருந்தகத்துக்கு வந்து, வாசலில் நின்ற மாடுகளை ஒதுக்கிவிட்டு உள்ளே நுழைந்து, கேமராவின் சின்னத் திரையை அவள் முன்னால் நீட்டினான்.

அழுக்கு வெள்ளையில் உடம்பு. முகம் மட்டும் மஞ்சள் பூசிக் குளித்தது போல இருந்தது. பிடரியில் இறகுகள் சிலிர்த்துக்கொண்டு நின்றன. புத்தகத்தில் மஞ்சள்முகப் பாறு என்று போட்டிருக்கும் பறவை. சத்தியப்பிரியா அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். சிவகங்கைச் சீமையில், அதுவும் தான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் அது இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

அவளுக்குச் சொந்த ஊர் தேவகோட்டை. நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படிக்கும்போது, பாறுகள் என்கிற பிணந்தின்னிக் கழுகுகள் செத்துப்போன கதையைப் பாடமாகக் கேட்டிருக்கிறாள். மாட்டுக்கு வலி தீர டைக்ளோஃபெனாக் என்று ஓர் ஊசி போடுவார்கள். ஊசி போட்ட மாடு ஒன்றிரண்டு நாளில் செத்துப்போனால் மருந்து அதன் ஈரலிலும் சதையிலும் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலற்றுப் போகும். தலை தொங்கி, உட்கார்ந்த இடத்திலேயே செத்துவிடும். வானம் கொள்ளாமல் திரிந்த கூட்டமெல்லாம் அப்படித்தான் நாடு முழுக்கக் காணாமல் போனது. அரசாங்கம் மாட்டுக்கு அந்த ஊசியைத் தடை செய்து பல வருஷமாகிறது. ஆனாலும் மனிதனுக்கென்று வரும் மருந்து எல்லா மெடிக்கலிலும் கிடைத்தது. ஊர் ஊராகப் போய் ஊசி போடுகிறவர்கள் அதை வாங்கி மாட்டுக்கு ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அன்று செல்வத்தின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து பாறையடிக்குப் போய் அந்த ஜோடியை நேரில் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாளிலிருந்து அவளுக்கு அதுவே வேலையாகிவிட்டது. பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில் பால் ஊற்றுகிற இடம், ரேஷன் கடை, கோயில் மரத்தடி என்று ஆள் கூடுகிற இடத்திலெல்லாம் நின்று பேசினாள். மெடிக்கல்காரர்களிடம் கெஞ்சினாள், சிலரை மிரட்டவும் செய்தாள். ஊசி போடுகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னாள்.

ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மாடு வலியில் கத்திக்கொண்டிருக்கும்போது, அந்த ஊசியைப் போடாதே என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். கையில் வேறொன்றைக் கொடுத்தாக வேண்டும். மெலாக்சிகாம் என்ற மருந்து பாறுக்குக் கெடுதல் செய்யாதது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டது. அரசாங்கத்திலிருந்து அது சில மாதம் வரும், சில மாதம் வராது. வந்தபோதும், மாடு சட்டென்று எழுந்திருக்கவில்லை என்று ஜனங்கள் முகம் சுளித்தார்கள். கடைசியில் அசிக்ளோஃபெனாக்கைப் பிடித்துக்கொண்டாள். தடைப்பட்டியலில் அதன் பெயர் இல்லை. பெட்டியிலேயே மாட்டுப் படம் போட்டு விற்றார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் மாடு அசைபோட ஆரம்பித்துவிடும். இதைப் போடுங்கள், கழுகுக்கு ஒன்றும் ஆகாது என்று ஊர் ஊராகச் சொன்னது அவள்தான். இரண்டு வருஷத்தில் அந்த வட்டாரத்தில் பழைய ஊசியைத் தொடுகிறவர்கள் அனேகமாக இல்லை என்றாகிவிட்டது.

கருங்குளப்பட்டியில் அவளுக்கு வலது கையாக இருந்தவள் ஒச்சம்மாள். ஐம்பதைத் தொடுகிற வயது. புருஷன் சோணை டிராக்டர் ஓட்டுகிறவன். பிள்ளை குட்டி இல்லை. இரண்டு கறவை மாடு வைத்திருந்தாள். பால் சொசைட்டியில் அவள் வாயைத் திறந்தால் மற்ற பெண்கள் கேட்பார்கள். செத்த மாட்டைப் புதைக்க வேண்டாம், பாறையடிப் பொட்டலில் போட்டால் கழுகுக்கு இரையாகும் என்று செல்வம் சொன்னபோது ஊரில் பலர் முணுமுணுத்தார்கள். நாற்றம் அடிக்கும், நாய் சேரும் என்றார்கள். ஒச்சம்மாள்தான் வீடு வீடாகப் போய்ச் சம்மதிக்க வைத்தாள். விருந்தாளி வந்திருக்கு, சோறு போடாம எப்படி என்று கேட்டாளாம். செல்வம் எடுத்த படம் ஒன்றைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, பால் சொசைட்டிச் சுவரில் மாட்டியதும் அவள்தான்.

அந்த வருஷம் மாசியில் கழுகுகள் பாறைப் பிளவுக்குள் முட்டை வைத்தன. சித்திரையில் குஞ்சு பொரித்தது. ஒரே குஞ்சு. கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. எதிர்ப் பாறையில் ஏறி, பெரிய லென்ஸ் போட்டு எட்டிப் பார்த்தால் காபிப்பொடி நிறத்தில் ஒரு சின்னத் தலை தெரியும். செல்வம் கல்யாண வேலைக்கு நடுவிலும் ஓடிவந்து படம் எடுப்பான். எடுத்ததை முதலில் ஒச்சம்மாளுக்குத்தான் அனுப்புவான். அவள் அதை சோணையிடம் காட்டி, நேற்றைக்கு இன்றைக்கு வளர்ந்திருக்கிறதா என்று கேட்பாள். எனக்கு ஒண்ணும் தெரியலை என்பான் அவன். நல்லாப் பாருங்க என்பாள்.

வைகாசி பிறந்ததும் ஒச்சம்மாளின் செவலைப் பசு கன்று போட்டது. போட்ட இரண்டாம் நாளே மடி வீங்கிக் கல்லாகிவிட்டது. காம்பில் பாலுக்குப் பதில் மஞ்சள் தண்ணீரும் ரத்தமும் வந்தன. சத்தியப்பிரியா காலையும் மாலையும் வந்து பார்த்தாள். காய்ச்சலுக்கும் சீழுக்கும் மருந்து கொடுத்தாள், குளுக்கோஸ் ஏற்றினாள். வலி தாங்காமல் மாடு பல்லைக் கடித்ததால் வழக்கமான அசிக்ளோஃபெனாக் ஊசியையும் வேளை தவறாமல் போட்டாள். ஊசி போட்ட கொஞ்ச நேரம் செவலை கண்ணைத் திறந்து கன்றைத் தேடும். அப்புறம் தலையைத் தொங்கப் போட்டுவிடும். மடியின் சீழ் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. ஒரு விடியற்காலையில் செத்துப்போனது.

ஒச்சம்மாள் அழுது முடித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சோணையிடம் டிராக்டரை எடுத்துவரச் சொன்னாள். வீட்டுக் கொல்லையிலேயே புதைத்துவிடலாமே என்று அவன் தயங்கினான். ஆசையாக வளர்த்த மாடு.

"மண்ணுக்குள்ள கெடந்து யாருக்கு என்ன பிரயோசனம்? அங்கிட்டு ஒரு பிள்ளை வாயைத் தெறந்துக்கிட்டு இருக்கு. அதுக்குப் போகட்டும்" என்றாள்.

சத்தியப்பிரியா அப்போது பக்கத்தில்தான் நின்றாள். தானே ஊசி போட்ட மாடு, என்ன போட்டோம் என்று தனக்குத் தெரியும், அதனால் பயமில்லை என்ற நிம்மதி அவளுக்கு இருந்தது. செவலையைக் கயிறு கட்டி ஏற்றுவதற்கு அவளும் ஒரு கை கொடுத்தாள்.

பொட்டலில் முதலில் நாய்கள் வந்து வயிற்றைக் கிழித்தன. பிறகு காக்கை. அவை ஒதுங்கியதும் ஜோடிக் கழுகு இறங்கியது. இரண்டும் ஆற அமரத் தின்றன. மேலே பறந்துபோய்ப் பிளவுக்குள் குஞ்சுக்கு ஊட்டின. செல்வம் எதிர்ப் பாறையிலிருந்து எடுத்த படத்தில், தாயின் அலகில் ஒரு துண்டு ஈரலும், அதற்குக் கீழே திறந்த சின்ன வாயும் தெளிவாக விழுந்திருந்தன. அதுவரை எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று எல்லாருக்கும் அனுப்பினான்.

சில நாள் கழித்துச் செல்வம் போன் செய்தான். ஆண் கழுகு ஒரு பாறை முனையில் காலையிலிருந்து உட்கார்ந்தே இருக்கிறது, கழுத்து தொங்குகிறது, கல் எறிந்தாலும் பறக்கவில்லை என்றான். கழுத்து தொங்குகிறது என்ற வார்த்தையைக் கேட்டதுமே சத்தியப்பிரியா வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் அது பாறையிலிருந்து விழுந்து கருவேலம் புதருக்குள் செத்துக் கிடந்தது.

வனத்துறைக்குச் சொல்லி, அவர்கள் வந்த பிறகு, மருந்தகத்து மேசையில் வைத்து அறுத்துப் பார்த்தாள். இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளை படிந்திருந்தது. சிறுநீரகம் கெட்டால் படிகிற உப்பு, கல்லூரியில் படமாகப் பார்த்தது. சந்தேகமே இல்லை. யாரோ மறுபடியும் பழைய ஊசியைப் போட்டிருக்கிறார்கள்.

கொஞ்ச நாளாகப் பொட்டலுக்கு வந்தது ஒரே ஒரு மாடுதான்.

கையைக் கழுவிய கையோடு ஒச்சம்மாள் வீட்டுக்குப் போனாள். ஒச்சம்மாள் தாயில்லாத கன்றுக்குப் புட்டியில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். சத்தியப்பிரியா உட்காரவில்லை.

"அக்கா, மறைக்காமச் சொல்லுங்க. நான் வந்துட்டுப் போன பெறகு வேற யாரையும் கூட்டியாந்து செவலைக்கு ஊசி போட்டீகளா?"

ஒச்சம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் புட்டியைக் கீழே வைத்தாள்.

"உங்க கையைத் தவிர வேற கை அது மேல படலை டாக்டரம்மா."

"வலி தாங்கலைன்னு மனசு கேக்காமச் செஞ்சிருப்பீக. நான் கோவிச்சுக்க மாட்டேன். உண்மை தெரிஞ்சாப் போதும்."

"உண்மையைத்தான் சொல்றேன்" என்றாள் ஒச்சம்மாள். சத்தியப்பிரியா நம்பாமலே திரும்பி வந்தாள்.

பெண் கழுகை அடுத்த நாள் கண்மாய்க் கரையில் கண்டெடுத்தார்கள். தண்ணீர் தேடிப் போயிருக்க வேண்டும். கண்மாயில் தண்ணீர் இல்லை. அதன் அலகு சேற்று வெடிப்புக்குள் சொருகியிருந்தது.

குஞ்சு மட்டும் பிளவுக்குள் உயிரோடு இருந்தது. பெரியவை தின்ற அளவுக்கு அதற்கு ஊட்டப்படவில்லையோ என்னவோ. கத்துவது கீழே வரைக்கும் கேட்டது. கல் குவாரியில் வேலை பார்க்கிற இரண்டு பேரைச் செல்வம் அழைத்து வந்தான். கயிறு கட்டி மேலேயிருந்து இறங்கிப் பார்த்தார்கள். பிளவுக்கு மேல் பாறை குடை போல வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் கயிற்றில் தொங்கினவனுக்குக் கை எட்டவில்லை. ஊஞ்சல் போல ஆடி உள்ளே நுழையப் பார்த்தான். தோள்பட்டை பாறையில் மோதி எலும்பு விலகிவிட்டது. வனத்துறையினர் வெளியூரிலிருந்து மலையேறத் தெரிந்தவர்களை வரவழைப்பதாகச் சொன்னார்கள். செல்வம் அன்று ஒப்புக்கொண்டிருந்த கல்யாணத்துக்குப் போகாமல் எதிர்ப் பாறையிலேயே உட்கார்ந்திருந்தான். ஆட்கள் ஜீப்பில் வந்து இறங்கும்போது குஞ்சின் சத்தம் நின்றுபோயிருந்தது.

செத்த பறவைகளின் ஈரலை வனத்துறை ஆய்வகத்துக்கு அனுப்பியது. அதில் டைக்ளோஃபெனாக் இருந்தது உறுதி என்று சில வாரத்தில் தகவல் வந்தது. அந்தத் தகவலை சத்தியப்பிரியா பால் சொசைட்டியில் வைத்துச் சொன்னாள். யாரோ ஒருத்தர் அவசரப்பட்டுச் செய்த காரியத்தில் மூன்று உயிர் போய்விட்டது என்றாள். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எல்லார் கண்ணும் ஒச்சம்மாள் பக்கம் திரும்பியது.

அதற்குப் பிறகு ஒச்சம்மாள் பால் ஊற்ற வரும்போது பேச்சு நின்றுவிடும். திருப்பத்தூரிலிருந்து ஊசி போடுகிறவன் ராத்திரியில் வந்துபோனதைப் பார்த்ததாகவே ஒருத்தி சொன்னாள். கேட்டவர்கள் நம்பினார்கள். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிவிட்டு வீட்டில் இப்படியா என்றார்கள். ஒச்சம்மாளுக்கு அதெல்லாம்கூடப் பெரிதாகப் படவில்லை. ஒருநாள் சோறு போடும்போது சோணை, தட்டைப் பார்த்துக்கொண்டே, நான் வேலைக்குப் போயிருந்தப்ப எவனும் வந்தானா என்று மெதுவாகக் கேட்டான். அதுதான் அவளைச் சாய்த்தது. மறுநாளிலிருந்து பாலைச் சோணைதான் கொண்டுபோய் ஊற்றினான்.

ஆடி மாதத் தொடக்கத்தில் சத்தியப்பிரியாவுக்கு ஆய்வகத்திலிருந்து வெங்கட்ராமன் என்ற விஞ்ஞானி பேசினார். குறிப்பு எழுதுவதற்காக அந்த மாட்டுக்கு என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அசிக்ளோஃபெனாக் என்றதும் அவர் இடைமறித்தார்.

"அதுதாம்மா இது. மாட்டு உடம்புக்குள்ள போனதும் அது டைக்ளோஃபெனாக்கா மாறிடும். அஞ்சாறு வருஷமாவே தெரிஞ்ச விஷயம். அதையும் தடை பண்ணச் சொல்லி எழுதிக்கிட்டேதான் இருக்கோம்."

போன் கையிலேயே இருந்தது. மருந்து அலமாரியில் அசிக்ளோஃபெனாக் பெட்டிகள் வரிசையாக இருந்தன. இரண்டு பெயரும் ஒரே வாலோடு முடிவதை எத்தனை தடவை படித்திருப்பாள். ஊசி போட்ட மாடுகள் பிழைத்துக்கொண்டதால்தான், செத்தவை ஊசி போடாதவையாக இருந்ததால்தான், அந்தக் கழுகுகள் இரண்டு வருஷம் உயிரோடு இருந்திருக்கின்றன. செவலையோடு அந்த அதிர்ஷ்டம் முடிந்தது.

அன்றைக்கே ஒச்சம்மாள் வீட்டுக்குப் போனாள். சோணையும் இருந்தான். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். நான்தான் போட்டேன், நான்தான் ஊருக்கெல்லாம் போடச் சொன்னேன், உங்களைச் சந்தேகப்பட்டது பாவம் என்று சொல்லும்போது அழுதுவிட்டாள். சோணை பொண்டாட்டியின் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலுக்கு எழுந்து போனான்.

ஒச்சம்மாள் கன்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப செவலையைத் தின்னுதான் அதுக செத்துச்சா?"

"ஆமாக்கா."

"நான் பொய் சொல்லலைன்னு மட்டும்தான் இத்தனை நாளா நெனச்சு மனசைத் தேத்திக்கிட்டு இருந்தேன். வேற எங்கிட்டோ, வேற எவன் மாட்டையோ தின்னுருக்கும்னு. இப்ப என் மாடுதான்னு ஆகிப்போச்சு." கன்றின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நான்தானே டிராக்டர்ல ஏத்தி அனுப்புனேன். அந்தப் பிள்ளைக்குப் போகட்டும்னு என் வாயாலதானே சொன்னேன்."

தப்பு உங்களுடையது இல்லை என்று சத்தியப்பிரியா திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒச்சம்மாள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. போயிட்டு வாங்க டாக்டரம்மா என்றாள். குரலில் கோபம் இல்லை.

அதே ஆடி மாதம் முடிவதற்குள் அசிக்ளோஃபெனாக்கை மாட்டுக்குப் போடக் கூடாது என்று மத்திய அரசின் உத்தரவு வந்துவிட்டது. செய்தித்தாளில் உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். சத்தியப்பிரியா அதை வெட்டி எடுத்துக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போய், ஒச்சம்மாள் மேல் தப்பில்லை, தப்பு தன்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். சிலர் தலையாட்டினார்கள். அவள் போன பிறகு, டாக்டரம்மாவுக்கு இளகின மனசு, அவளைக் காப்பாற்றக் கதை சொல்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். இன்னும் சிலர் வேறு மாதிரி யோசித்தார்கள். இதைப் போடாதே என்று சொன்னதும் இவர்தான், அதைப் போடு என்று சொன்னதும் இவர்தான், இப்போது அதுவும் கூடாது என்றால் இனி இவர் பேச்சை எப்படிக் கேட்பது என்று அவர்கள் கேட்டது நியாயமாகவும் இருந்தது.

செல்வம் அந்தப் பக்கம் வருவது நின்றது. அந்த ஈரல் படத்தை எல்லாருக்கும் அனுப்பியிருந்தான் அல்லவா, தெரியாத யார் யாரோ அதைப் புகழ்ந்து அவனுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். கேமராவை விற்கவில்லை. கல்யாணத்துக்கு மட்டும் எடுத்துப் போனான். சொசைட்டிச் சுவரிலிருந்த படத்தை யாரும் கழற்றவும் இல்லை, அதன் மேல் படிந்த தூசியைத் துடைக்கவும் இல்லை.

செத்த மாடுகளைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்று ஊராட்சியில் அறிவித்தார்கள். வெயிலில் காய்ந்த அந்தச் செம்மண் இரும்பு. யாரும் தோண்டவில்லை. பழகின பொட்டலிலேயே கொண்டுபோய்ப் போட்டார்கள். முன்னெல்லாம் இரண்டு மூன்று நாளில் எலும்பு வெளுத்துவிடும். இப்போது வாரக்கணக்கில் ஊதிக் கிடந்தது. நாய்கள் பெருகின. ஆட்டுக் குட்டிகளைப் பிடிக்க ஆரம்பித்தன. பொட்டல் வழியாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை ரோடு சுற்றி அனுப்பினார்கள். பாறைப் பிளவில் எச்சம் வழிந்த வெள்ளைக் கோடுகளை அந்த ஐப்பசி மழை கழுவிவிட்டது.

மழை விட்ட ஒருநாள் பாண்டீஸ்வரன் என்பவன் தன் மாட்டைப் பார்க்க வரும்படி சத்தியப்பிரியாவைக் கூப்பிட்டான். வயலில் வழுக்கி விழுந்த மாடு, முன்னங்கால் மூட்டு பூசணி போல வீங்கியிருந்தது. படுத்தபடியே முனகியது. மருந்தகத்தில் மெலாக்சிகாம் தீர்ந்து இரண்டு மாதமாகியிருந்தது. கேட்டு எழுதிய கடிதம் எதற்கும் பதில் வரவில்லை. உப்பு ஒத்தடம் கொடுங்கள், காலை அசையாமல் கட்டுங்கள், சிவகங்கையில் விசாரித்து நாளைக்குள் மருந்து கொண்டுவருகிறேன் என்றாள்.

பாண்டீஸ்வரன் மாட்டையும் அவளையும் பார்த்தான். மரியாதை தெரிந்தவன். எதிர்த்துப் பேசவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போனான். சத்தியப்பிரியா துணி நனைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்தான். பின்னால் ஊசி போடுகிறவன் உட்கார்ந்திருந்தான். அவன் பையிலிருந்து எடுத்த குப்பியை அவளுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. மனிதனுக்கு விற்கிற பழைய டைக்ளோஃபெனாக்தான்.

ஊசிக்காரன் அவளைக் கண்டதும் குப்பியைக் கைக்குள் மறைத்தான். அவள் ஏதாவது சொல்வாள் என்று இருவரும் காத்து நின்றார்கள். சட்டப்படி குற்றம் என்று சொல்லலாம். சொல்லியிருக்கிறாள், எத்தனையோ பேரிடம். மாடு தரையில் தாடையைத் தேய்த்து முனகியது. அவள் துணியைப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டாள். எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

சாயங்காலம் பாண்டீஸ்வரன் போன் செய்தான். மாடு எழுந்து நின்று வைக்கோல் தின்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னான். சரி, காலை மட்டும் கட்டியே வையுங்கள் என்றாள்.